குருவிச்சை பிடித்த மரம்: பிடுங்குவதா, கிளையோடு வெட்டுவதா, விட்டுவிடுவதா?

தென்மேற்கில் இருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று தொடங்கிச் சில கிழமைகள் போனால் திருகோணமலையில், மரக்கிளையில் ஒட்டி வளரும் குருவிச்சையைத் தேட வேண்டிய வேலையே இல்லை. அநுராதபுர வீதியில் கன்னியாப் பக்கம் போனாலும் சரி, கண்டி வீதியில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் போனாலும் சரி, இலை வாடி நிற்கும் மரத்தில் அது மட்டும் பச்சைப் பசேலென்று கொத்துக் கொத்தாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் கேள்விகளும் வரும். "வளவு மாமரம் முழுக்கக் குருவிச்சை, என்ன செய்யலாம்?" "வாய்க்கால் கரை மருதுகளில் ஏறிவிட்டது, ஊராகச் சேர்ந்து வெட்டலாமா?" "கோயில் இலுப்பையில் கை வைக்கலாமா?"

மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. வளவு மாவுக்குச் சரியான வைத்தியம் வாய்க்கால் மருதுக்கு வீண் வேலை. சில இடங்களில் கெடுதலும் கூட. கையில் இருக்கும் ஐந்து வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## முதலில், அது குருவிச்சைதானா?

மரத்தில் ஒட்டியிருப்பதெல்லாம் குருவிச்சை இல்லை. நம் பக்கம் பெரும்பாலும் காண்பது தடித்த இலையும், குழல் போல நீண்ட செம்மஞ்சள் பூவும், சிறிய செந்நிறப் பழமும் உள்ள செடி. தமிழகத்தில் புல்லுருவி என்பார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட மர வகைகளில் இதைக் கண்டு பதிந்திருக்கிறார்கள். மா, மருது, இலுப்பை என்று பெரிதாகப் பேதம் பார்க்காது.

நிலாவெளி, குச்சவெளிக் கரையோரப் பற்றைகளில் மஞ்சளும் பச்சையுமாக நூல் நூலாகப் படர்ந்து கிடப்பது வேறு, அது கொத்தான். அதுவும் ஒட்டுண்ணிதான். ஆனால் அது கறுவாவின் குடும்பம், இலை இல்லாத கொடி. மரக் கவட்டில் முளைத்த ஆலங்கன்றோ அரசங்கன்றோ ஒட்டுண்ணியே இல்லை. ஆனால் அதை விட்டால் நாளைக்குத் தாய்மரத்தையே சுற்றி இறுக்கும், ஆகவே சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. ஓர்க்கிட் மரத்தில் இருக்கிறதே தவிர மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. குருவிச்சை என்று நினைத்து ஓர்க்கிட்டைச் சுரண்டி எறிபவர்களும் உண்டு. பாவம் அது.

## எதை வைத்து முடிவெடுப்பது?

குருவிச்சை முழு ஒட்டுண்ணி அல்ல. பச்சை இலை வைத்திருப்பதால் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். மரத்திடமிருந்து அது எடுப்பது நீரும் உப்புகளும். மழை நாளில் இது மரத்துக்குப் பெரிய விஷயம் இல்லை. சிக்கல் வரட்சியில்தான். நீர் குறையும்போது மரம் தன் இலைத் துளைகளை மூடிச் சிக்கனம் பிடிக்கும். குருவிச்சை அப்படி மூடாமல் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கொத்துக்கு அப்பால் உள்ள கிளை நுனிதான் முதலில் காயும்.

ஆகவே என் முதல் கேள்வி, மரத்துக்கு வேனிலில் நீர் எட்டுகிறதா என்பது. வாய்க்கால் கரையில் வேரை நனைத்துக்கொண்டு நிற்கும் மருதும், கன்னியாப் பக்கத்துக் கல்லு நிலத்தில் நிற்கும் மாவும் ஒரே அளவு குருவிச்சையை ஒரே மாதிரித் தாங்காது.

அடுத்தது, எவ்வளவு பிடித்திருக்கிறது. "முழுக்க" என்று சொல்பவர்களின் மரத்தைப் போய்ப் பார்த்தால் பல வேளைகளில் நாலைந்து கொத்துத்தான் இருக்கும். இதற்கு நல்ல கணக்கு ஒன்று உண்டு. ஃபிராங்க் ஹாக்ஸ்வொர்த் என்ற அமெரிக்க வன ஆய்வாளர் 1977 இல் வெளியிட்டது. அவர் அதை அங்குள்ள ஊசியிலை மரங்களுக்காக, வேறு ஒரு வகை ஒட்டுண்ணிக்காகச் செய்தார் என்றாலும், கண்ணால் அளக்கும் முறையாக நமக்கும் உதவும். மரத்தின் தலைப்பகுதியை மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் குருவிச்சையே இல்லையென்றால் 0, பாதிக் கிளைகளிலோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் 1, பாதிக்கு மேல் என்றால் 2. மூன்றையும் கூட்டினால் 0 முதல் 6 வரை ஒரு புள்ளி வரும். கீழே நான் "புள்ளி" என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

மூன்றாவது, கொத்து எங்கே இருக்கிறது: நுனிக் கிளையிலா, தாய்க் கிளையிலா, நடு மரத்திலா? நாலாவது, மரம் யாருடையது, எதற்காக நிற்கிறது? பழத்துக்கா, நிழலுக்கா, கரையைக் காக்கவா? கடைசியாக, கிளை முறிந்து விழுந்தால் கீழே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். வீட்டுக் கூரையும் பள்ளிக்கூட வழியும் ஒரு பக்கம், வெறும் பற்றை இன்னொரு பக்கம்.

## வழி 1: கொத்தை மட்டும் பிடுங்குதல்

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். கொக்கத்தடியால் இழுத்தால் சடசடவென்று முறிந்து விழும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். செலவும் இல்லை.

ஆனால் விழுந்தது தலை மட்டும். குருவிச்சையின் உறிஞ்சு வேர் கிளையின் மரத்துக்குள் இறங்கியிருக்கும். போதாததற்கு நம் ஊர்க் குருவிச்சை பட்டையின் மேலாகவும் வேரோட்டி, ஓடிய வழியில் ஆங்காங்கே மீண்டும் உள்ளே இறங்கும். ஆகவே ஓரிடத்தில் பிடுங்கினால் பக்கத்தில் துளிர்க்கும். மழை வந்ததும் பழையபடி.

அதற்காக இதை முற்றாகத் தள்ளிவிடவும் மாட்டேன். பழம் பழுக்குமுன் பிடுங்கினால் அந்த வருட விதை பரவாது. வரட்சி மாதங்களில் இலை குறைவதால் மரத்துக்கும் கொஞ்சம் மூச்சு வரும். வருடா வருடம் செய்ய ஆள் இருந்து, கொத்துகள் தடிக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் இது போதும். மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், இந்த வேலை ஒருபோதும் முடியாது. ஒரு வருடம் விட்டால் மறு வருடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. குருவிச்சை நல்ல குழை, ஆடு விரும்பித் தின்னும். ஒன்றில் மட்டும் கவனம்: எட்டி மரத்தில் வளர்ந்த ஒட்டுண்ணியில் எட்டியின் நஞ்சும் ஏறியிருக்கும். எந்த மரத்தில் இருந்து பிடுங்கியது என்று தெரியாத குழையை ஆட்டுக்குப் போடாதீர்கள். மருந்துக்கென்று எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

## வழி 2: கிளையோடு வெட்டுதல்

மரத்தைத் தறிக்காமல் குருவிச்சையை உண்மையாகவே ஒழிக்கும் வழி பெரும்பாலும் இதுதான். வெட்டும் இடம்தான் முக்கியம். கொத்து ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து அடிமரப் பக்கமாகக் குறைந்தது ஓர் அடி விட்டு வெட்ட வேண்டும். உள்ளே ஓடிய வேர் அவ்வளவு தூரம் போயிருக்கலாம். பட்டைக்கு மேல் ஓடும் வேர் இன்னும் தள்ளிப் போயிருந்தால் அதையும் தாண்டித்தான் வெட்ட வேண்டும்.

பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் பாதியில் முறிந்து பட்டையை உரித்துக்கொண்டு விழும். அந்தக் காயம் ஆறப் பல வருடம் எடுக்கும். முதலில் கீழ்ப்பக்கம் வாளால் கொஞ்சம் அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழுத்திவிட்டு, மிஞ்சிய கட்டையைக் கிளை தொடங்கும் மேட்டுக்கு வெளியே ஒட்ட அறுப்பதுதான் முறை. கத்தியால் கொத்தி எடுப்பதை விட வாள் எப்போதும் நல்லது. வெட்டுவாயில் தாரோ பெயின்ற்றோ பூசுவது பழைய பழக்கம். அது உக்கலைத் தடுப்பதில்லை, விட்டுவிடலாம்.

காலம்: பழம் பறித்து முடிந்த பிறகு, மாரி மழை தொடங்குமுன். நம் பக்கம் ஓகஸ்ட் கடைசியும் செப்டெம்பரும் வசதி. ஒக்டோபர், நவம்பரில் மழை பிடித்ததும் மரம் புதுத் துளிர் விடும். கொட்டும் மழைக்குள் வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சணம் ஏற வழி.

இதன் மறைமுகச் செலவுகளைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு வருடத்தில் மரத்தின் தலையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் எடுத்தால் நிழலிலேயே இருந்த பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். புள்ளி 5, 6 வந்த மரத்தில் குருவிச்சைக் கிளைகளை எல்லாம் எடுத்தால் மொட்டைக் கம்பம்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட மரத்தை இரண்டு மூன்று வருடமாகப் பிரித்துச் செய்ய வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஆள் கூலி, வாள் வாடகை, வெட்டிய குப்பையை அகற்றும் செலவு.

இன்னொரு செலவு வெளிச்சம். குருவிச்சை விதை முளைத்து நிலைக்க வெளிச்சம் வேண்டும். தலையைத் திறந்துவிட்டால் மிஞ்சிய கிளைகளுக்குள் வெயில் இறங்கும், அடுத்த விதைக்கு நல்ல இடம் கிடைக்கும். ஆகவே வெட்டிய மரத்தை வருடத்துக்கு ஒரு தடவையாவது அண்ணாந்து பார்க்க வேண்டும். கன்றாக இருக்கும்போது கண்டால் கையாலேயே முடிந்துவிடும்.

நடு மரத்திலேயே பிடித்திருந்தால் என்ன செய்வது? அங்கே கிளையோடு வெட்ட வழியில்லை. கொத்தை மரத்தோடு ஒட்டச் சீவிவிட்டு, அந்த இடத்தைத் தடித்த கறுப்புப் பொலித்தீனால் சுற்றிக் கட்டலாம். வெளிச்சம் இல்லாமல் ஓரிரு வருடத்தில் அது சாகும். பொலித்தீன் கிழிந்தால் மறுபடி கட்ட வேண்டும். கயிறு மரத்தை இறுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரம் ஏறுமுன் மேலே குளவிக் கூடோ பெருந்தேன் வதையோ இருக்கிறதா என்று கீழே நின்றே பாருங்கள். மின்கம்பி அருகே ஓடினால் மின்சார சபைக்குச் சொல்லாமல் தொடவே வேண்டாம். குருவிச்சையால் யாரும் சாவதில்லை, மரத்தில் இருந்து விழுந்து சாகிறார்கள்.

## வழி 3: மருந்து

சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். டீசல் கலந்து தெளிப்பது, 2,4-டி களைநாசினியைக் கிளைக்குள் ஏற்றுவது, எத்திஃபோன் அடித்து இலை கொட்டவைப்பது என்று பல முறைகள் பேசப்படுகின்றன. எத்திஃபோன் இலையையும் தண்டையும் கொட்டவைக்கும், உள்ளிருக்கும் வேரைக் கொல்லாது, திரும்பத் துளிர்க்கும். வேர் வரை போகும் மருந்து என்றால் அது மரத்துக்கும் போகும். இரண்டுக்கும் நீர் ஓடும் குழாய் ஒன்றுதானே. உயரத்தில் தெளிக்கும் மருந்து காற்றோடு பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் இறங்கும். கச்சான் அடிக்கும் ஊரில் அதைக் கட்டுப்படுத்த முடியாது. பழ மரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

## வழி 4: அப்படியே விட்டுவிடுதல்

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. சோம்பல் என்று நினைக்கிறார்கள். நம் காட்டு மரங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் சரி என்பது என் கட்சி.

குருவிச்சை வெளியூரில் இருந்து வந்த களை இல்லை. இந்த நிலத்துக்கே உரிய செடி. அதன் பூவில் தேன்சிட்டு வருகிறது. பழத்தைத் தின்பது பூக்கொத்தி. 8 சென்றிமீற்றர் நீளம்தான் இருக்கும், இலங்கையின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. விழுங்கிய சிறிது நேரத்தில் விதை பிசினோடு வெளியே வரும். அதைக் கிளையில் தேய்த்துத்தான் பறவை கழற்ற வேண்டும். அப்படித்தான் விதை நடப்படுகிறது. சிறகின் அடிப்பக்கம் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புப் பொட்டுகளுமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சியைக் கண்டிருப்பீர்கள். அதன் புழு தின்று வளர்வது குருவிச்சை இலையை. ஊரில் குருவிச்சை ஒன்றுகூட இல்லையென்றால் அந்தப் பூச்சியும் இல்லை.

இது வெறும் இரக்கப் பேச்சு இல்லை. அவுஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவரும் சில காட்டுத் துண்டுகளில் குருவிச்சை இனங்களை முழுக்க அகற்றிவிட்டு, அகற்றாத துண்டுகளோடு ஒப்பிட்டார்கள். முடிவை 2012 இல் வெளியிட்டார்கள். மூன்று வருடத்தில், அகற்றிய இடங்களில் காட்டையே நம்பி வாழும் பறவை இனங்களில் கால் பங்குக்கு மேல் காணாமல் போயிருந்தன. குருவிச்சைப் பழத்தையே தொடாத பூச்சியுண்ணிப் பறவைகளும் அதில் அடக்கம். காரணம் நிலத்தில் இருந்தது. குருவிச்சை சத்தைத் திருப்பி எடுக்காமலே இலையைக் கொட்டுவதால் மரத்தடியில் சத்துள்ள சருகு சேர்கிறது. அதில் பூச்சி பெருகுகிறது, பூச்சிக்குப் பறவை வருகிறது. அவர்கள் நாட்டு மரமும் பறவையும் வேறுதான். ஆனாலும் ஒரு வெளி முழுவதையும் "சுத்தம்" செய்யப் புறப்படும் எவரும் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

விடுவதற்கும் செலவு உண்டு, அதை மறைக்கக் கூடாது. காய்ப்பு குறையும். காய்ந்த நுனிக் கிளைகள் வாடைக்காற்றில் முறிந்து விழும். உங்கள் மரத்துப் பழத்தை உண்ட பூக்கொத்தி அடுத்த வளவு மாவில் விதையைத் தேய்க்கும், அயலவரோடு மனக்கசப்பு வரும். சுற்றிவரக் காடு வெட்டப்பட்டுத் தனியே நிற்கும் மரத்தில் நிலைமை இன்னும் மோசம். எல்லாப் பக்கமும் வெயில், பறவை வந்து அமர வேறு இடமும் இல்லை. வயல் நடுவில் நிற்கும் ஒற்றை மரத்தில் குருவிச்சை மண்டிக் கிடப்பது இதனால்தான். அந்த மரத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வாள் இல்லை, பக்கத்தில் இன்னும் நாலு மரம் வைப்பது.

## வழி 5: மரத்தையே தறித்தல்

புள்ளி 6, தலையில் பாதி பட்டுவிட்டது, கீழே வீடு. அப்படியென்றால் தறிக்கலாம், யோசிக்க வேண்டியதில்லை. மற்றபடி இது கடைசி வழி. பலா, ஈரப்பலா, பனை போன்றவற்றைச் சொந்தக் காணியில் தறிப்பதற்கும் அனுமதி வேண்டும். 1951 ஆம் ஆண்டுச் சட்டம் அது. வெட்டிய மரத்தை லொறியில் ஏற்றிப் போவதற்கும் பல மர வகைகளுக்கு அனுமதிப் பத்திரம் தேவை. முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள், அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கு வழி காட்டுவார்.

வீட்டுக்கு ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட மரத்தைத் தறிக்க அவசரப்பட வேண்டாம். பழைய மரத்துப் பொந்தில்தான் இருவாய்ச்சி கூடு வைக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | குருவிச்சை ஒழியுமா? | கண்ணுக்குத் தெரியாத செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| பிடுங்குதல் | இல்லை, திரும்பத் துளிர்க்கும் | வருடா வருடம் வேலை | கைக்கெட்டும் மரம், ஆடுள்ள வீடு |
| கிளையோடு வெட்டுதல் | ஆம், ஓர் அடி தள்ளி வெட்டினால் | வெயில் காயம், ஆள் கூலி, விழும் ஆபத்து | புள்ளி 2–4 உள்ள பழ மரம், நிழல் மரம் |
| மருந்து | தலை மட்டும் போகும் | மரம், கிணறு, பக்கத்து வயல் | எங்கும் இல்லை |
| விட்டுவிடுதல் | இல்லை | காய்ப்புக் குறைவு, கிளை முறிவு | காடு, ஆற்றங்கரை, புள்ளி 1 உள்ள எந்த மரமும் |
| தறித்தல் | ஆம் | அனுமதி, நிழல் இழப்பு | பாதி பட்டு, வீட்டின் மேல் சாய்ந்த மரம் |

## இனி, கேட்டவர்களுக்கு

வளவு மாமரம்: புள்ளியை எண்ணுங்கள். 2 முதல் 4 வரை என்றால் இந்த செப்டெம்பரில் கிளையோடு வெட்டுங்கள், வேனிலில் அடிக்குச் சருகு போட்டுத் தண்ணீர் விடுங்கள். நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த வளவுக்குத் திரும்பி வந்தவர்கள் எல்லா மரத்தையும் ஒரே வருடத்தில் திருத்தப் பார்ப்பதுண்டு. நல்ல காய்ப்புள்ள இரண்டைத் தெரிந்து அவற்றில் தொடங்குங்கள். மற்றவற்றில் பழம் பழுக்குமுன் பிடுங்கிவிட்டால் போதும்.

வாய்க்கால் கரை மருது: விட்டுவிடுங்கள். நீர் எட்டும் மரம், அது தாங்கும். வழியின் மேல் தொங்கும் காய்ந்த கிளை இருந்தால் அதை மட்டும் எடுக்கலாம். ஆனால் குளக்கட்டிலும் வாய்க்கால் ஒதுக்கிலும் நிற்கும் மரம் ஊராரின் சொத்து அல்ல. பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சிறு குளம் என்றால் கமநல அலுவலகம், காட்டுக்குள் என்றால் வன பாதுகாப்புத் திணைக்களம். கட்டில் மரம் நிற்பதும் தறிப்பதும் கட்டின் பலத்தோடு சேர்ந்த விஷயம். 1986 இல் கந்தளாய்க் குளம் உடைந்த மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கோயில் இலுப்பைதான் கடினமான கேள்வி. வயதான மரம், புதுக் கிளை விடும் வேகம் குறைவு, ஆகவே பெரிய வெட்டு ஆகாது. கீழே சனம் கூடுவதால் காய்ந்த கிளையை விடவும் முடியாது. நான் சொல்வது: திருவிழாவுக்கு நன்றாக முன்னரே ஒரு நாள் வைத்து, காய்ந்த கிளைகளை மட்டும் எடுங்கள். குருவிச்சையில் ஆட்கள் நிற்கும் பக்கத்துக் கொத்துகளை வருடத்துக்கு நாலைந்தாகக் குறையுங்கள், மேற்கொப்பில் இருப்பதை விடுங்கள். அடிமரத்தைச் சுற்றிச் சீமெந்து பூசியிருந்தால் அதை உடைத்து எடுங்கள். வேருக்கு நீர் இறங்காத மரத்தில் குருவிச்சையை எவ்வளவு வெட்டினாலும் பலன் இல்லை.